மங்கிய சோழிக்கு என்ன விலை?

விடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும். தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயத்துக்குத் தெற்கே, ஈர மணலில் குனிந்த முதுகு நிமிராமல் நடந்துகொண்டிருந்தார் அந்த அம்மா. இடது கையில் பனையோலைக் கொட்டான். இடுப்பில் சுருட்டிச் செருகிய உரச்சாக்கு. முந்தின இரவு முழுக்கச் சோழகக் காற்று வீசியிருந்தது. அலை ஏறி இறங்கிய இடத்தில் பாசியும் நுரையும் சிப்பித் தூளும் கலந்து நீளமாக ஒரு கறுப்புக் கோடு கிடந்தது. அவர் கண் அந்தக் கோட்டை விட்டு நகரவே இல்லை.

ஒரு புறாமுட்டைச் சங்கை எடுத்தார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வெள்ளையில் காவிப் புள்ளிகள். முதலில் மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் அதன் வாயை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டார்.

“இதுல ஆளு இருக்கு தம்பி.”

நானும் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒரு அசைவும் இல்லை. பிறகு சிவந்த சின்னக் கொடுக்கு ஒன்று வெளியே நீண்டது. சங்கு நடக்கத் தொடங்கியது. துறவி நண்டு. இடுப்புக்குக் கீழே தனக்கென்று கெட்டியான ஓடு இல்லாமல், நத்தை செத்துக் காலியான சங்கைத் தேடிக் குடியேறி, வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்து மாறிக்கொள்ளும் உயிர். அந்த அம்மா அதற்குள் பத்தடி தாண்டிப் போயிருந்தார்.

கொட்டானில் அதுவரை சேர்ந்திருந்தது இரண்டு கைப்பிடி. மட்டி ஓடுகள், முனை தேய்ந்த ஊசிச் சங்குகள், சாம்பல் பூத்த நாலைந்து சோழிகள், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கணவாய் ஓடு. ஒரு மணி நேரத்து வேலை.

‘சிப்பி பொறுக்குறது’ என்றுதான் இங்கே இதற்குப் பெயர். படகு இல்லாதவர்கள், வலை இல்லாதவர்கள், கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், வயதாகிவிட்டதால் மீன் காயவைக்கும் இடத்திலும் கூலி கிடைக்காதவர்கள் செய்கிற வேலை. முதல் வேண்டாம். கால் வேண்டும், கண் வேண்டும், எந்தக் காற்றுக்கு எந்தக் கரை என்கிற கணக்கு வேண்டும். தமிழ்நாட்டின் கடற்கரைத் தொழில்களைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். கடல் தானாகக் கொண்டுவந்து போட்டதைப் பொறுக்கிப் பிழைக்கிறவர்களின் கணக்கை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டால், நாம் எதற்குக் காசு கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்க மறுக்கிறோம் என்பதெல்லாம் வெளியே வருகிறது.

அமாவாசைக் கணக்கு

ராமேசுவரம் தீவில் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல். தனுஷ்கோடிக்குக் கிழக்கே போகப் போக நிலம் ஒடுங்கி, ஒரு கடற்கரையிலிருந்து இன்னொரு கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்றாகிவிடும். சிப்பி பொறுக்குகிறவர்களுக்கு இது வரம். சோழகக் காலத்தில் ஆண் கடல் குமுறும், தெற்குக் கரையில் சரக்கு ஒதுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பினால் பெண் கடலின் முறை. ஒரு பக்கம் கலங்கினால் மறுபக்கம் அடங்கிக் கிடக்கும். கரையை மாற்றிக்கொண்டே வருஷத்தை ஓட்டலாம்.

காற்று ஒதுக்குவது ஒரு பாதி. தண்ணீர் வற்றித் தரை தெரிவது மறுபாதி. அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் கடல் மற்ற நாட்களைவிட அதிகம் ஏறும், அதிகம் வற்றும். இந்தப் பகுதியில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தரை சரிவில்லாமல் கிடக்கிற இடங்களில் அரை முழம் வற்றினாலே வெகுதூரத்துக்குப் புதுத் தரை திறந்துகொள்ளும். நல்ல சரக்கு கிடைக்கிற நாட்கள் அவைதான்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அதே அமாவாசையில்தான் ராமேசுவரத்துக்குக் கூட்டமும் வரும். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் காலை வைக்க இடம் இருக்காது. திதி கொடுத்து முடித்தவர்கள் வேன் பிடித்துத் தனுஷ்கோடி பார்க்க வருவார்கள். பொறுக்க வேண்டிய நேரமும் விற்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். ஆள்பலம் உள்ள வீட்டில் மருமகள் கடையில் உட்கார, மாமியார் கரைக்குப் போவார். தனியாள் என்றால் இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நான் போயிருந்தது ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. “நாளன்னைக்குக் கடையில ஒக்காரணும். அதுக்குள்ள கெடைக்கிறத எடுத்துக்கணும்” என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மா நடந்தார்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு இங்கேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் சாலை கிடையாது. மணலில் புதைந்து புதைந்து போகும் வேன்களில்தான் ஆட்கள் வந்தார்கள். 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தது. கார்கள் வந்தன. சிப்பிக் கடைகளின் வரிசையும் நீண்டது. வியாபாரம் கூடியது உண்மை. ஆனால் காரில் வருகிறவர்கள் கேட்கும் சரக்கு வேறு.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது?

பொறுக்கிய சிப்பியை அப்படியே விற்க முடியாது. முதலில் நல்ல தண்ணீரில் ஊறப்போட வேண்டும். தனுஷ்கோடியில் நல்ல தண்ணீர் என்றால் மணலைத் தோண்டி எடுக்கும் ஊற்றுத் தண்ணீர்தான். குடிக்கவும் அதுதான், சிப்பி கழுவவும் அதுதான். உள்ளே சதை ஒட்டியிருந்தால் மணலில் புதைத்து வைப்பார்கள், எறும்பும் புழுவும் தின்று காலி செய்துவிடும். மேலே சுண்ணாம்பு போல ஏறியிருக்கும் செதிலைப் போக்க ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து, ஒரு நொடி முக்கி எடுப்பார்கள். நேரம் கூடினால் சிப்பியே கரையத் தொடங்கிவிடும். கையுறை யாரிடமும் இல்லை. அந்த அம்மாவின் விரல் நுனிகளில் ரேகை மழுங்கியிருந்ததைப் பார்த்தேன். அப்புறம் காயவைத்து, எண்ணெய் தடவி, அளவு பார்த்துப் பிரித்து, ஓட்டை போட்டு, நரம்பில் கோக்க வேண்டும். ஒரு மாலைக்கு அறுபது எழுபது சிப்பி பிடிக்கும். உடைந்தது போக அத்தனையும் ஒரே அளவில் சேர இரண்டு மூன்று விடியல் ஆகும். கடையில் அந்த மாலைக்கு 50 ரூபாய் சொல்வார்கள். பேரம் பேசி 30-க்கு இறக்கிவிட்டுத்தான் நாம் எடுத்துக்கொள்வோம்.

அந்த மாலையின் பக்கத்திலேயே கண்ணாடி போல மின்னும் பெரிய சோழிகளும், ரோஜா நிறத்தில் வாய் திறந்த சங்குகளும் அடுக்கியிருக்கும். அதற்கு யாரும் அவ்வளவாகப் பேரம் பேசுவதில்லை. மொத்த வியாபாரியிடம் வாங்கி வைத்த சரக்கு அது. இந்தக் கரையில் பொறுக்கியதாக இருக்காது.

ஏன் இருக்காது என்பதை விளக்கியாக வேண்டும். சோழியின் மினுமினுப்பு அதற்குள் வாழும் உயிர் போடுகிற மெருகு. உயிரோடு இருக்கும் சோழி தன் மெல்லிய சதை மடிப்பை வெளியே நீட்டி ஓட்டை முழுவதும் போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வைதான் அடுக்கடுக்காக மெருகு பூசுகிறது, கீறல் விழாமலும் காக்கிறது. உயிர் போனதும் போர்வை போய்விடும். அதன் பிறகு அலை அதை மணலில் உருட்டும், வெயில் வெளுக்கும். கரைக்கு வந்து சேரும்போது மங்கி, சாம்பல் பூத்து, முதுகு தேய்ந்திருக்கும். ஆக, கடையில் மின்னும் சோழிகளில் பெரும்பாலானவை உயிரோடு பிடிக்கப்பட்டவை. வலையில் சிக்கியோ, முங்கி எடுக்கப்பட்டோ, அதற்குப் பின் கொல்லப்பட்டு வந்தவை.

சின்ன வயதில் ஒரு சுற்றுலா ஊரில், ஒரு கடையில், என் அம்மாவிடம் அடம்பிடித்து ஒரு பெரிய புள்ளிச் சோழியும் வெள்ளைப் பவளக் கொத்து ஒன்றும் வாங்கினேன். ‘கடலில் கிடந்தது’ என்றுதான் கடைக்காரர் சொன்னார். சோழியிலிருந்து ஒரு வாரத்துக்கு அழுகல் வாடை வந்தது. அம்மா அதைப் பினாயில் ஊற்றிக் கழுவினார். கரையில் கிடந்த சோழியிலிருந்து அப்படி வாடை வராது என்பது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது. பவளக் கொத்தை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் கடல் உயிர்கள் நிறையச் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் அதில் வந்தன. சங்கு, சிப்பி இனங்களில் 24 வகைகள். நாட்டிலஸ், ட்ரைட்டன் சங்கு, ராட்சத மட்டி, பித்தான் செய்யப் பயன்பட்ட ட்ரோக்கஸ் ஆகியவை அவற்றில் சில. சட்டம் சரியானதுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்காவிட்டால் இன்றைக்கு எஞ்சியிருப்பதும் இருந்திருக்காது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தில் அரண் இழந்த தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் போயின.

ஆனால் சட்டம் கரையில் நடக்கிற பெண்ணிடம் வரும்போது என்ன ஆகிறது? ஐவிரல் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குடும்பத்தில் ஒரு வகைக்குத் தடை இல்லை. அதன் நெருங்கிய உறவுகள் பல பட்டியலில் இருக்கின்றன. வித்தியாசம் விரல்களின் எண்ணிக்கையிலும் வளைவிலும் வாயின் நிறத்திலும் இருக்கிறது. கடலியல் படித்தவர் புத்தகத்தைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டிய சங்கதி. விரல் உடைந்து, நிறம் வெளுத்து ஒதுங்கிய சங்கை வைத்துக்கொண்டு ஐந்தாம் வகுப்புப் படித்தவர் என்ன செய்வார்? அந்த அம்மா பயந்துகொண்டு ஐவிரல் சங்கு எதையுமே தொடுவதில்லை. “கல்லு, விசிறி, இந்தக் கையி வச்ச சங்கு, மூணும் கையால தொடமாட்டேன்” என்றார். கல்லு என்று அவர் சொன்னது பவளத்தை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் பல வருஷம் இருந்ததே பக்கத்து ஊரான மண்டபத்தில்தான். தடை செய்யப்பட்ட வகைகளைத் தமிழ்ப் பெயரோடு, உள்ளூர்ப் பெயரோடு, வண்ணப்படம் போட்டு ஒவ்வொரு கடலோர ஊரிலும் ஒரு பலகை வைத்தால் போதும். பெரிய செலவு ஒன்றும் இல்லை. அப்படி ஒரு பலகையை இதுவரை தன் கண்ணால் பார்த்ததில்லை என்கிறார் அவர்.

கடற்கரையில் நடக்கிற எல்லோருக்கும் ஒரு பெரிய கனவு உண்டு. வலம்புரிச் சங்கு. சாதாரணச் சங்கு சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழல்வது. அபூர்வம் என்பதால் அதன் பெயரில் ஏமாற்றும் அதிகம். அமெரிக்கக் கரையோரத்தில் ஒரு கடல் நத்தை இனம் இருக்கிறது, அது பிறவியிலேயே அந்தத் திசையில்தான் சுழலும். அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். அசல் சங்கின் வாய்க்குள் விரலை விட்டால் நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் தட்டுப்படும், அதில் தட்டுப்படாது. இன்னொரு கனவு அம்பர்கிரீஸ், திமிங்கல உமிழ்நீர் என்று பத்திரிகைகள் எழுதுவது. எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகி, கடலில் மிதந்து, எப்போதாவது கரை ஒதுங்கும் மெழுகுக் கட்டி. பிரிட்டனில் கரையில் கண்டெடுத்தவர் அதை விற்கலாம். இந்தியாவில் வைத்திருப்பதே சிறைக் குற்றம். கோடிக் கணக்கில் விலை என்று செய்தி போடுகிற நாம், கண்டால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அதே அளவு பெரிய எழுத்தில் போட வேண்டும். அந்தச் செய்தியை நம்பிப் பையில் கட்டிக்கொண்டு இடைத்தரகரைத் தேடிப் போய் மாட்டுகிறவர்கள் ஏழைகள்.

மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும்

கரையில் ஒதுங்குவதில் சத்தமில்லாமல் சோறு போடுவது பாசி. பாம்பன், சின்னப்பாலம், பாரதிநகர், ஏர்வாடி என்று இந்தக் கரை நெடுகப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். காற்றுக் காலத்தில் வேர் அறுந்து மிதந்து வந்து கரையில் குவியும் கட்டக்கோரையை வாரிக் காயவைப்பது கிழவிகளுக்கும் முடியும். மரிக்கொழுந்துப் பாசி அப்படிக் கிடைக்காது. தீவுகளைச் சுற்றிய கடலடிப் பாறையில் ஒட்டி வளரும். சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சடக்கி முங்கி எடுக்க வேண்டும்.

மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்தும் பக்கோடாப் பாசியிலிருந்தும் ஆல்ஜினேட். ஐஸ்கிரீம் உருகி வழியாமல் நிற்பதற்கும், ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் கிருமி வளர்ப்பதற்கும், துணியில் சாயம் பரவாமல் அச்சடிப்பதற்கும் இவை வேண்டும். 1960-களிலிருந்து இந்தப் பெண்கள் அகார், ஆல்ஜினேட் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள் கொடுத்துவருகிறார்கள். ஆனால் விலையை நிர்ணயிப்பது கரையில் வந்து எடை போடும் வியாபாரி.

தேசியப் பூங்கா வந்த பிறகு தீவுப் பக்கம் போனவர்களை வனத்துறை மடக்கியது, பாசியைப் பறித்தது. பெண்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள், பேசினார்கள், தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாடும் போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும்தான் எடுப்பது, இரும்புச் சுரண்டியை விட்டுவிட்டுக் கையால் மட்டும் பறிப்பது, வருஷத்தில் 45 நாள் கடலையே விட்டுவைப்பது. அந்தச் சங்கத்துக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. ஒரு கடலின் வளத்தை எப்படி எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று அந்தக் கடலில் முங்குகிறவர்களே வகுத்துக்கொண்ட விதி அது. எழுதப்பட்ட எத்தனையோ அரசாணைகளைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மற்ற சரக்குகளுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. கணவாய் ஓடு லேசானது, உள்ளே காற்றறைகள் உள்ளதால் மிதந்து கரைக்கு வரும். நாட்டு மருந்துக் கடையில் அதன் பெயர் கடல்நுரை. கூண்டுக் கிளி அலகு தீட்டவும் அதைத்தான் வாங்கி மாட்டுகிறார்கள். உடைந்த மட்டியும் கிளிஞ்சலும் மூட்டைக் கணக்கில் சுண்ணாம்புச் சூளைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். புழு அரித்து ஒதுங்கிய பால்சங்குக்கு அதிக விலை இல்லை. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்கு அறுக்கிற சங்கு ஓட்டையில்லாமல், கனமாக இருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் அந்தக் கறுப்புக் கோட்டில் சிப்பியைவிட அதிகம் கிடப்பது வேறு. அறுந்த நைலான் வலை, செருப்பு, தண்ணீர் பாட்டில், தெர்மோகோல். 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதும், சர்க்கரைப் பாகு மிட்டாய் போன்ற வெள்ளை பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்து குவிந்தன. மணலோடு கலந்தால் பிரித்தெடுக்கச் சல்லடை வேண்டும். அந்த அம்மா வலைத்துண்டு கண்ணில் பட்டால் எடுத்து உரச்சாக்கில் போட்டுக்கொள்கிறார். நைலானுக்குப் பழைய சாமான் கடையில் கிலோவுக்கு ஏதோ கொடுக்கிறார்கள். சிப்பியைவிடச் சீக்கிரம் கை நிறைகிறது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

ஆடி அமாவாசை அன்று மத்தியானம் மறுபடியும் போனேன். ஓலைக் கொட்டகைக்குள் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். வேன்கள் வந்து வந்து போயின. ஒரு குடும்பம் மின்னுகிற சோழி இரண்டு வாங்கியது. ஒரு கல்லூரிப் பையன் மாலையை 20 ரூபாய்க்குக் கேட்டு, கிடைக்காமல் போய்விட்டான். பெட்டியின் கீழே ஒரு டப்பாவில் அந்தச் சாம்பல் சோழிகள் எண்ணெய்கூடத் தடவாமல் கிடந்தன.

“இது என்ன விலைம்மா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அதுவா? அத யாரும் கேட்டதில்ல தம்பி. பிள்ளைக தாயம் வெளாடக் குடுக்கிறது.”

“நான் கேக்குறேன்.”

யோசித்தார். டப்பாவை எடுத்து மடியில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, விளிம்பு உடைந்த இரண்டைத் தள்ளி வைத்தார். மீதியை ஐந்தைந்தாக எண்ணினார். முப்பத்தைந்து இருந்தன.

“அந்த மாலை வெலையே குடுங்க. அதுவும் நடந்துதான எடுத்தது.”

ஐம்பது ரூபாய் கொடுத்தேன். பழைய நாளிதழில் சோழிகளைப் பொதிந்து, நரம்பால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். பக்கத்துக் கடைப் பெண்ணிடம், “கொஞ்சம் பாத்துக்க ஆத்தா, வத்தம் இறங்கிருச்சு” என்று சொல்லிவிட்டு, கொட்டானை எடுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் இறங்கினார்.